எண்பதில் நிறுத்திய சார்ஜர்

நவம்பர் 4, செவ்வாய்

காலை எட்டு மணி வரை மூடுபனி. வாசல் கேட் தெரியவில்லை. பிறகு தூறல்.

மின்சாரக் கார் சார்ஜரின் மாதாந்திரப் பராமரிப்பு, வழக்கப்படி:

— கேபிள் முழுவதும் உலர்ந்த துணியால் துடைத்தது. வெடிப்பு இல்லை.
— காரில் செருகும் கன் முனையில் சிலந்தி வலை. தூரிகையால் நீக்கம்.
— மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தான்: அழுத்தியதும் துண்டித்தது. நன்று.
— எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர். மழைக்காலத்தில் எதற்கு என்கிறாள் மனைவி லூர்து. ஒப்பந்தத்தில் 'மாதம் ஒருமுறை' என்றே உள்ளது. மழைக்கு விலக்கு ஏதும் இல்லை. ஊற்றினேன்.

பகல் தபாலில், சோதனைக்காக இந்த சார்ஜரைப் பொருத்திய திட்ட அலுவலகத்திலிருந்து (இனி தி.அ.) பதிவுக் கடிதம். சோதனை ஆண்டு இம்மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. 'முறையாகப் பயன்படுத்திய' வீடுகளுக்கு சார்ஜர் சொந்தமாக்கப்படும். நம் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. காரணம்: பதிவான 140 மின்னேற்றங்களில் 139 'முடிவுறாதவை'. ஆகவே சார்ஜர் பெட்டி கழற்றி எடுத்துச் செல்லப்படும். ஆட்சேபம் இருப்பின் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம்.

மூன்று முறை படித்தேன். எண்ணிக்கையில் தவறு இல்லை. எண்பது விழுக்காடு வந்ததும் லூர்து கன்னைக் கழற்றிவிடுவாள். நாங்கள் வாங்கிய காரில் தானாக நிறுத்தும் வசதி இல்லை. அதைத்தான் முடிவுறாதது என்கிறார்கள்.

நான்கு மணிக்கு லூர்து சேலத்திலிருந்து திரும்பினாள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவளுடைய அக்கா ஞானத்தின் வீடு. இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம். குளிப்பாட்டுவது, நடக்கப் பழக்குவது எல்லாம் லூர்துதான். கடிதத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"பொட்டி போச்சுன்னா காரு நிக்குமுங்க. காரு நின்னா அக்காவ யாரு தூக்கி உக்கார வெக்கறது?"

பழைய பெட்ரோல் கார் விற்றாகிவிட்டது. ஏற்காட்டு மலைமேல் எங்களுக்கு வேறு சார்ஜர் இல்லை. பஸ்ஸில் அவள் முதுகு தாங்காது. பெட்டி போனால் அந்த மூன்று நாட்களும் போயின.

நவம்பர் 5, புதன்

தூறல் இல்லை. வெயிலும் இல்லை.

ஒப்பந்தத்தை முதலிலிருந்து மீண்டும் படித்தேன். கண்டது: 'மின்னேற்றம் முடிவுறுதல்' என்ற தொடர் நான்கு இடங்களில் வருகிறது, எங்கும் வரையறுக்கப்படவில்லை. வரையறை இல்லாத சொல்லால் ஒருவரின் உரிமையைப் பறிக்க இயலாது. பென்சிலால் கோடிட்டேன். நான்கு இடத்திலும் கை சற்று அழுத்தமாகவே விழுந்திருக்கிறது.

பதினோரு மணிக்கு தி.அ.வுக்குத் தொலைபேசி. மரியாதையான பெண் குரல்.

"சார், ரொம்ப சிம்பிள். இன்னும் மூணு வாரம் இருக்கு. இனிமே எல்லாத்தையும் நூறு வரைக்கும் ஏத்திடுங்க. ரிப்போர்ட் தானா சரியாயிடும்."

நன்றி சொல்லி வைத்தேன். லூர்துவிடம் சொன்னேன்.

"அந்தப் புள்ள நம்ம மலையப் பாத்திருக்குதாமா?"

"கேட்கவில்லை."

"நூறு வெச்சுக்கிட்டு நான் எறங்க மாட்டேனுங்க. ஒரே ஒருக்கா பண்ணுனேன், போதும்."

நினைவிருக்கிறது. கார் வந்த முதல் வாரம். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டர் மிதியை விட்டால் வண்டி தானே வேகம் குறைத்து, அந்த விசையை பேட்டரிக்குள் திருப்பி அனுப்பும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அனுப்ப இடமில்லை. வண்டி வேகம் குறையாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வெறும் பிரேக்கால் இறங்க வேண்டும். அன்று பாதி வழியில் பிரேக் கருகிய வாடை. அதன் பிறகு எண்பதுதான். சமவெளியில் இருப்பவர் வீட்டிலிருந்து புறப்பட்டால் தரை. நாங்கள் புறப்பட்டால் இறக்கம்.

நவம்பர் 6, வியாழன்

குறிப்பேட்டுடன் நானும் லூர்துவுடன் சேலம் சென்றேன். அளவுகள்:

வீடு: 80. அடிவாரம்: 84. ஞானம் வீடு: 82. திரும்ப அடிவாரம்: 80. வீடு: 54.

இறங்கும்போது ஏறுகிறது. ஏறும்போது இறங்குகிறது. தலைகீழாகத் தோன்றும், உண்மை.

ஞானம் இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரை நடந்தாள். என்னைப் பார்த்து, "என்னங்க மாப்ள, கையில நோட்டு? என்னைய ஜப்தி பண்ண வந்தீங்களா?"

நவம்பர் 8, சனி

பலத்த மழை. இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை.

நம் ஒயர்மேன் முருகேசன், செம்மநத்தத்துக்காரர், ஸ்டெபிலைசர் பார்க்க வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"இதுக்காங்க வக்கீலய்யா இப்புடி ஒக்காந்திருக்கீங்க? நூறு ஏத்திப்போட்டு மலைமேலயே மஞ்சக்குட்டைக்கு ரெண்டு நடை போயிட்டு வாங்க. எண்பதுக்கு வந்துரும். அப்பறம் அம்மா கீழ போவட்டும். அங்க கம்ப்யூட்டர்ல நூறு, இங்க வண்டில எண்பது. ரெண்டும் சரியாப் போச்சு."

யோசனை குறைபாடற்றது. அபாயம் இல்லை. சட்ட விரோதமும் இல்லை. அரை மணி நேரம் உண்மையாகவே பரிசீலித்தேன். நிராகரித்த காரணங்கள்:

1. தேவையற்ற ஓட்டம், பதிவேட்டுக்காக மட்டும். சாட்சியத்தைத் தயாரிப்பதற்கு ஒப்பாகும்.
2. நூறே சரி என்று நாமே ஒப்புக்கொண்டதாகும்.
3. லூர்து ஓராண்டு சரியாகச் செய்ததைத் தவறு என்று எழுதிக்கொடுப்பதாகும்.

மூன்றாவதுதான் முதன்மையான காரணம். முருகேசனிடம் முதலாவதை மட்டும் சொன்னேன்.

"நீங்க நொம்பப் படிச்சுட்டீங்க, அதாங்க சிக்கலு," என்றார். டீ குடித்துவிட்டுப் போனார்.

நவம்பர் 10, திங்கள்

ஆட்சேப மனு. முதல் வரைவு ஆறு பக்கம். லூர்து கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இதப் படிச்சா அவிகளுக்குத் தூக்கந்தான் வருமுங்க. வந்து வண்டில உக்காருங்கன்னு ஒரு வரி எழுதுங்க. மீதிய மலை சொல்லிக்கும்."

ஒன்றரைப் பக்கமாகக் குறைத்தேன். இணைப்பு: என் மின்னேற்றப் பதிவேட்டின் நகல் (ஓராண்டு, தொடக்க நேரம், முடிவு நேரம், விழுக்காடு, லூர்துவின் சுருக்கொப்பம்). கடைசிப் பத்தி: 'தங்கள் பிரதிநிதி ஒருவர் நேரில் வந்து, இவ்வாகனத்தில் ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை பயணம் செய்து பார்வையிடுமாறு வேண்டுகிறேன்.'

பதிவுத் தபால். ரசீது கோப்பில்.

நவம்பர் 15, சனி

வெயில்! துணி காய்ந்தது.

தி.அ. பதில். பொறியாளர் 19ஆம் தேதி வருகிறார். நிபந்தனை: அன்று காலை பேட்டரி நூறு விழுக்காடு இருக்க வேண்டும், சார்ஜர் நூறு வரை ஏற்றும் திறனுடையதா எனச் சோதிக்க. ஒப்புக்கொண்டேன், ஆட்சேப உரிமையை விட்டுக்கொடுக்காமல்.

லூர்து: "நூறோட எறங்கறதுன்னா அவிகளே ஓட்டட்டும்."

நவம்பர் 18, செவ்வாய்

நாள் முழுவதும் மழை. கரண்ட் போய் வந்ததும் சார்ஜரில் சிவப்பு விளக்கு. உடனே முருகேசனுக்குத் தொலைபேசி. நாளை பொறியாளர்.

முருகேசன் மழையிலேயே வந்தார். மூடியைத் திறந்தார். கேபிள் நுழையும் துளையருகே எறும்புப் புற்று.

"குடும்பத்தோட குடி வந்திருச்சுங்க. வாடகை வாங்கலீங்களா?"

துடைத்து, உலர்த்தி, ரப்பர் வளையம் மாற்றினார். பச்சை.

"இத நாளைக்குச் சொல்ல வேண்டாமுங்க," என்றார் தாழ்ந்த குரலில். பதிவேட்டில் எழுதிவிட்டேன்: பழுது, காரணம், நேரம், சரிசெய்தவர். மறைத்த வரி ஒன்று இருந்தால் மற்ற எல்லா வரியும் சந்தேகத்துக்குரியதாகும்.

நவம்பர் 19, புதன்

விரிவாக எழுத வேண்டிய நாள்.

மழை விட்டிருந்தது. காலை 9.10. பொறியாளர் சுகன்யா, கோவை, முப்பது வயதிருக்கலாம். பெட்டியைத் திறந்து சோதித்தார். பதிவேட்டை மடிக்கணினியில் உள்ள விவரத்தோடு ஒப்பிட்டார். நிமிடம் தவறாமல் பொருந்தியது. இரண்டு மின்னேற்றங்கள் என்னிடம் உண்டு, அவர்களிடம் இல்லை.

"கரண்ட் போன நாளுங்க சார், எங்க சர்வர்ல விட்டுப்போச்சு." எறும்பு வரியையும் படித்தார். "இதெல்லாமா எழுதுவீங்க?"

"எல்லாம் எழுதுவேன்."

கார் நூறில் இருந்தது. சாவியை லூர்து அவரிடம் நீட்டினாள். "நீயே ஓட்டு கண்ணு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்." நான் பின் இருக்கையில், குறிப்பேட்டுடன்.

ஒண்டிக்கடைச் சந்திப்பு தாண்டி இறக்கம் தொடங்கியது. வளைவுகளின் எண் கீழிருந்து மேல். ஆகவே எங்களுக்கு இருபதாவது முதலில். சுகன்யா மிதியை விட்டார். வண்டி வேகம் குறையவில்லை.

"ஏனுங்கம்மா, புடிக்க மாட்டீங்குது?"

"புடிக்காது கண்ணு. வவுறு ரொம்பியிருக்கறவளுக்கு இன்னொரு தோசை வெச்சாப்புடி."

பிரேக். மீண்டும் பிரேக். பத்தொன்பதில் மேலேறி வந்த பஸ் ஹார்ன் அடித்தபடி முழு வளைவையும் எடுத்துக்கொண்டது, நின்று வழிவிட்டோம். பிரேக் எண்ணிக்கையை நாற்பதோடு நிறுத்திவிட்டு, முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். பதினைந்தாம் வளைவுக்கு மேல் அந்தக் கருகல் வாடை. சுகன்யாவின் முகம் மாறியது.

"ஓரங்கட்டு கண்ணு. அவசரமில்ல. அந்தப் பாறைப் பக்கம்."

நிறுத்தினார். இறங்கி, வெப்பமானியை முன் சக்கரத்துக்குக் காட்டினார். அளவை எங்களிடம் சொல்லவில்லை. தன் குறிப்பில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அரை மணி நேரம் காத்திருந்தோம். குரங்குகள் கண்ணாடியைச் சோதித்தன. பின்னர் மெதுவாக அடிவாரம்.

வீடு திரும்பியபோது எழுபது. பகல் சாப்பாடு. எண்பது வரை ஏற்றி, லூர்து கன்னைக் கழற்றினாள். ஓராண்டாக 'முடிவுறாதது' என்று பதிவான அதே செயல். சுகன்யா அருகில் நின்று பார்த்தார்.

இரண்டாம் இறக்கம், லூர்து ஓட்டினாள். இருபது வளைவுகள். பிரேக் தொட்டது பதினோரு முறை. அடிவாரத்தில் 84. வெப்பமானியைக் காட்டிய சுகன்யா சிரித்துவிட்டார்.

"சார், அந்த ரூல எழுதுன ரூமு எங்க ஆபீஸ்ல ரெண்டாவது மாடிங்க. அங்கிருந்து கீழ எறங்க லிஃப்ட்டு இருக்குதுங்க."

வாதத்தில் சொல்ல வைத்திருந்த ஏழு குறிப்புகளில் ஒன்றையும் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. இத்தனை ஆண்டு நீதிமன்ற வாழ்க்கையில் இவ்வளவு குறைவாகப் பேசி இவ்வளவு நிறைவாக நான் உணர்ந்ததில்லை. (முடிவு வராத நிலையில் இவ்வாக்கியம் முன்கூட்டியது. அடிக்கவில்லை.)

நவம்பர் 24, திங்கள்

கடிதம் இல்லை. கேட்டைத் தபால்காரர் தாண்டிப் போனார்.

ஐயம்: சுகன்யா நம்பினார், அவருக்கு மேலே இருப்பவர்?

லூர்து கேட்டாள்: "முப்பதாந்தேதி வந்து கழட்டுனாங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"தடையாணை."

"அதுக்கு எத்தன நாளாகும்?"

பேச்சை மாற்றினேன்.

நவம்பர் 28, வெள்ளி

பனி, பிறகு தெளிவான வானம். 12.20க்குத் தபால்.

வென்றோம்.

அப்படியே எடுத்தெழுதுகிறேன்: 'மலைப்பகுதி வீடுகளில், பாதுகாப்பு கருதிப் பயனர் தாமே நிறுத்தும் மின்னேற்றம் முடிவுற்றதாகவே கருதப்படும்.' 139உம் முடிவுற்றவை. சார்ஜர் இவ்வீட்டுக்கே சொந்தம். கழற்றும் உத்தரவு ரத்து. இத்திருத்தம் நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இதே காரணத்தால் விலக்கப்பட்ட மற்ற வீடுகளுக்கும் பொருந்தும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை ஐந்து முறை படித்தேன். முகம் தெரியாத வீடுகள். எங்கோ ஒருவர் எண்பதில் கன்னைக் கழற்றி, கடிதம் வந்து, கலங்கி உட்கார்ந்திருப்பார். அவருக்கும் இன்று தபால் போயிருக்கும்.

லூர்து தோட்டத்தில் இருந்தாள். கையை ஆட்டிக் கூப்பிட்டேன்; சத்தமாகவும் கூப்பிட்டேனாம். பக்கத்து எஸ்டேட் கணக்கு ரைட்டர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

மாலைக்குள் முருகேசன் மூலம் ஒண்டிக்கடை முழுவதும் செய்தி. டீக்கடையில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "எங்க வக்கீலய்யா கரண்டு வண்டிக்குக் கேஸு போட்டு கெலிச்சுட்டாருங்கோ!"

திருத்தினேன்: வழக்கல்ல, ஆட்சேபம் மட்டுமே.

"அது கெடக்குதுங்க. கெலிச்சீங்களா இல்லீங்களா?"

ஒப்புக்கொண்டேன். கடையில் இருந்த அனைவருக்கும் பஜ்ஜி.

நவம்பர் 29, சனி

தெளிவான காலை. கீழே சேலம் முழுவதும் தெரிகிறது.

கடிதத்துடன் வந்த உரிமைப் படிவம் நிரப்பினேன். வீட்டு முகவரி, பெட்டி எண், நிலை. அடுத்தது 'உரிமையாளர் பெயர்'. ஒப்பந்தம் என் பெயரில் உள்ளது. ஆயினும் குடும்பத்தில் எவரையும் குறிப்பிடலாம் என்பது விதி. சரிபார்த்துக்கொண்டேன். எழுதி, லூர்துவிடம் நீட்டினேன்.

சேலம் புறப்பட, சாவியும் கையுமாக நின்றாள். படித்தாள்.

"எம்பேரு எதுக்குங்க?"

"139 முறை கழற்றியவள் நீ. நான் எழுதி வைத்தவன் மட்டும்."

"அப்ப மாசாமாசம் தொடைக்கறது?"

"பராமரிப்பு என்னுடையது."

"எழுத்துல குடுப்பீங்களா?"

கொடுத்தேன். படிவத்தின் பின்பக்கம், இரண்டு வரி, தேதியுடன். அவள் மறுபடி படித்துவிட்டு, கார் முகப்பின் மேலேயே வைத்துக் கையெழுத்திட்டாள். பிறகு கன்னைக் கழற்றினாள். எண்பது. 8.05க்குப் புறப்பட்டாள்.