முகம் தெரியாதவன் வைத்த பத்திரிகை

ஏங்க,

குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம். நேற்று மெயிலில் வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தீர்களே, அதை அனுப்பியவன்தான் இப்போது எங்கிருந்தோ நம் கம்ப்யூட்டரை ஓட்டுகிறான். பிடிஎஃப் காட்டும் சாப்ட்வேரில் ஓட்டையாம். அடைக்கட்டுமா என்று அது கேட்டபோதெல்லாம் “பெறவு” என்று தள்ளியது நீங்கள்தான். சாயங்காலம் கம்ப்யூட்டர் கடைக்காரர் காளீஸ்வரன் சரிசெய்ய வருவார்.

“பத்திரிகைன்னு வந்தா திருப்பக் கூடாதுட்டி” என்றீர்கள். எவ்வளவு மரியாதை! என் தம்பி பத்திரிகைத் தட்டோடு வந்து நின்றபோது மட்டும் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

நான் பசுவந்தனைக்கு, பிறந்த வீட்டுக்குப் போகிறேன்.

பி.கு. வருவதானால் சாவியை எதிர்வீட்டுப் பொன்மணியக்காவிடம் கொடுங்கள். கல்யாணம் என்றைக்கு என்று போன் போட்டுக் கேட்க வேண்டாம். தம்பியின் பத்திரிகை டிவி மேல் பிரிக்காமல் கிடக்கிறது. அது வெறும் தாள்தான், பயப்படாமல் திறக்கலாம்.