ஒற்றைக்கண் கிழவனும் முப்பத்தெட்டாவது கேள்வியும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், போனில் கேட்டால் "நல்லா இருக்கோம்பா, மீட்டிங் இருக்கு" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து வருவதில்லை. இந்த விஷயத்தையும் போனில் சொல்லியிருப்பேன், நடுவில் நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், பாதியில் நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

அம்மா போன பிறகு பேச்சுத் துணைக்கு ஒரு நாயாவது வளருங்கள் என்று ஆறு மாதமாக நச்சரித்தாயே, உன் வாயை அடைப்பதற்காகத்தான் அந்த நாய்க் காப்பகத்துக்குப் போனேன். அடேயப்பா, என்ன கூத்து! வாசலில் ஒரு பெண், நாற்பது வயதுக்குக் குறையாது, கன்றுக்குட்டி உயரமுள்ள ஒரு நாயிடம் "செல்லக்குட்டி மம்மு சாப்ட்டாச்சா" என்று மழலை பேசிக்கொண்டிருக்கிறாள். அங்கே நாய்க்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாதாம், அப்பா அம்மாதானாம். என்னிடம் "நீங்க எந்தக் குழந்தைக்கு அப்பாவாகப் போறீங்க சார்?" என்று கேட்டாள். பெற்ற ஒன்றுக்கு அப்பாவாக இருந்து பட்டதே போதும் என்றேன், முகம் தொங்கிப்போயிற்று. கூண்டு கூண்டாகக் காட்டினார்கள். எல்லாம் ஒரே ரகம், ஆளைக் கண்டதும் வாலை ஆட்டிக் கம்பியை நக்கி, பதவி உயர்வு கேட்க வந்த குமாஸ்தா மாதிரி ஒரு குழைவு. கடைசிக் கூண்டில் மட்டும் ஒரு கிழடு, பதினோரு வயது, ஒரு கண் இல்லை. இரண்டு வருஷமாக அதை யாரும் கேட்கவில்லையாம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அந்த இடத்திலேயே சுயமரியாதை உள்ள ஜீவன் அது ஒன்றுதான். அதற்கு ஏதோ பிஸ்கட் பெயர் வைத்திருக்கிறார்கள், என் வாயில் நுழையவில்லை. கிழவா என்று கூப்பிட்டேன், ஒரு காதை மட்டும் தூக்கியது. இதையே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கொடுப்பார்களா? நாற்பது கேள்விகளோடு ஒரு படிவத்தை நீட்டினார்கள். சோபாவில் ஏற விடுவீர்களா, அதனோடு ஓடி விளையாடுவீர்களா, செருப்பைக் கடித்தால் என்ன செய்வீர்கள். வேறு செருப்பு வாங்குவேன் என்று எழுதினேன். அப்புறம் வீட்டைச் சோதனை போட ஒரு பொடிசு வந்தது, முளைத்து மூன்று இலை விடவில்லை. பால்கனிக் கம்பி இடைவெளியை டேப் வைத்து அளந்தாள், பினாயில் பாட்டிலை மேல் அலமாரிக்கு மாற்றச் சொன்னாள், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தாள். முப்பத்திரண்டு வருஷம் லைசென்ஸ் கேட்டு வந்தவர்களைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சோதித்தவன் நான். பின்னால் பார்க்கிற கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தாய் என்று உன்னையே இரண்டு தடவை ஃபெயில் போட்டவன். அப்பேர்ப்பட்ட என்னை அந்தப் பொடிசு ஃபெயில் போட்டுவிட்டது.

காரணம் முப்பத்தெட்டாவது கேள்வி. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாய்க்குப் பொறுப்பேற்பவர் யார் என்று கேட்டிருந்தார்கள். யாரும் இல்லை என்று எழுதியிருந்தேன். அவள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற உன் போட்டோவைக் காட்டி "இது யாரு சார்?" என்றாள். மகள் என்றேன். "அப்புறம் ஏன் யாரும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க?" என்றாள். உன்னிடம் மறைப்பானேன், இந்த வருஷமும் ஊருக்கு வர லீவு இல்லை என்று நீ சொன்ன அன்றுதான் அதை நிரப்பினேன். இதோடு மூன்று வருஷம். கோபத்தில் எழுதினேன், கோபம் மட்டுமில்லை, மனசு விட்டுப்போயிருந்தது. அவள் பேனாவை மூடிக்கொண்டு, "சரியா நிரப்பிட்டு மறுபடி வாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இதே வார்த்தையை இதே மூஞ்சியோடு எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன், கேட்பவனுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

மாசக் கடைசி வரைதான் கிழவனை எனக்காக வைத்திருப்பார்களாம். பிறகு ஊருக்கு வெளியே இருக்கிற இன்னொரு கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள், விலைபோகாததெல்லாம் அங்கேதான். அங்கே போனதை யாருக்கும் காட்டுவதில்லை. இதற்கிடையில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை அது சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டில் நான் எழுதியதை அடித்துவிட்டேன், அதன் கீழே உன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடு. மாப்பிள்ளைக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது என்று ஆரம்பிக்காதே, அவருக்கு எதற்குத்தான் தும்மல் வரவில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொன்று போட்டிருக்கிறார்கள், பொறுப்பேற்பவர் ஒருமுறையாவது நேரில் வந்து நாயைப் பார்த்தாக வேண்டும், வரும் தேதியைக் குறிப்பிட்டால் அதுவரை நாயை வைத்திருப்பார்கள் என்று. மற்ற கேள்விகளெல்லாம் வடிகட்டின மடத்தனம். இந்த விதியில் மட்டும் எவ்வளவோ துருவிப் பார்த்தும் எனக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி நன்றாக இருங்கள். ஈரத்தலையோடு வெளியே போகாதே. தேதி எழுதுகிற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு அனுப்பிவிடாதே அம்மா.

இப்படிக்கு,
முதல் தடவையாக ஃபெயிலான உன் அப்பா