மேனேஜருக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் பூனை மேனேஜர் காலையிலிருந்து மணல் தட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான். ஏறுகிறான், குந்துகிறான், ஒன்றும் வரவில்லை, இறங்குகிறான். "மலச்சிக்கலா இருக்கும், விடும்மா" என்றார் மாமா. நானும் சரி என்று அச்சகத்துக்குப் போய்விட்டேன். இருமல் மருந்து லேபிள், மூன்றாவது புரூஃப். 'குலுக்கிய பின் அருந்தவும்' என்பதில் 'கு' விழுந்து 'லுக்கிய பின்' என்று இருந்தது. இரண்டு பேர் பார்த்தும் தவறவிட்டதை நான் பிடித்தேன். மத்தியானம் முழுக்க அந்தப் பெருமைதான்.

மார்ச் 5, புதன்



சாயங்காலம் வந்து பார்த்தால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கிடக்கிறான். ஆறு வருஷத்தில் அவன் போட்டுக் கேட்காத ஒரு சத்தம். அடிவயிற்றைத் தொட்டால் கல். குளியல் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு டாக்ஸி பிடித்து ஓடினேன். செருப்பு ஜோடி மாறியிருந்ததை ஆஸ்பத்திரியில்தான் கவனித்தேன்.

மாட்டு டாக்டர் மாதிரி பெரிய கை அந்தப் பூனை டாக்டரம்மாவுக்கு. ஒரு தொடலில் சொல்லிவிட்டார். "சிறுநீர்ப் பாதை அடைச்சிருக்கு. இன்னும் அரை நாள் விட்டிருந்தா போயிருப்பான். என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

"பூனை பிஸ்கட். உலர்ந்தது. குட்டியிலேர்ந்து அதான்."

"தண்ணி?"

"வெச்சிருப்போம்."

"வெச்சிருக்கீங்க. குடிச்சானா?"

என்ன பேச்சு இது. உயிர் போகிற நேரத்தில் பரீட்சை வைக்கிறார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பதில் தெரியாததால்தான் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது உட்கார்ந்து எழுதும்போது தெரிகிறது.

மார்ச் 6, வியாழன்

கூண்டுக்குள் இருக்கிறான். டியூப், அதைக் கடிக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு. என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பட்டும்.

மார்ச் 7, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டான். டாக்டரம்மா உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். அவனுடைய சிறுநீரில் மணல் மாதிரி படிகம் சேர்ந்திருக்கிறது. ஆண் பூனைக்குப் பாதை குறுகல், அதில் போய் அடைத்துக்கொள்கிறது. பூனைக்குத் தாகம் சரியாகத் தெரியாதாம். சாப்பாட்டிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொள்ளும் பிராணி. பிஸ்கட்டில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர், டப்பாவில் வருகிற ஈரச் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல். இப்போதைக்கு அவர் எழுதிக் கொடுக்கிற டப்பா மட்டும்தான். அதில் மக்னீசியம் குறைவு, இருக்கிற படிகத்தையும் கரைக்கும். "ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். ருசிக்குக்கூட வேண்டாம்" என்றார், விரலை நீட்டி.

அவர் எழுதிக் கொடுத்தது கடையில் இல்லை. திங்கட்கிழமை வருமாம். கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டினார். "இதுவும் அதே மாதிரிதாங்க. யூரின் பிரச்சனைக்குன்னே போட்டிருக்கான் பாருங்க." முன்பக்கம் பெரிய நீலத் துளி, அதன் நடுவில் 'சிறுநீர் நலம்'. நான் டப்பாவைத் திருப்பினேன். இருபத்திரண்டு வருஷமாக லேபிளைத் திருப்பிப் பார்ப்பதுதானே என் பிழைப்பு. ஓரத்தில், அச்சகத்தில் நாங்கள் 'எறும்பு' என்று சொல்கிற அளவில்: 'துணை உணவு. தனி உணவாகக் கொடுக்க ஏற்றதல்ல.'

"இதைப் படிச்சீங்களா?"

"அதெல்லாம் யாருங்க படிக்கறா."

நான் படிக்கிறேன். அதற்குத்தான் இருக்கிறேன். அவருக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை. பின்னால் நின்ற பெண் தன் கையிலிருந்த டப்பாவைத் திருப்ப ஆரம்பித்தாள். கடைக்காரர் முகம் கடுகடு என்று ஆகிவிட்டது. ஆகட்டும். ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போய் அவர்களிடமிருந்த நான்கு டப்பாவை வாங்கி வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

வழக்கமான ஞாயிற்றுக்கிழமை போன். என் கணவராக இருந்த அவர், தன் அப்பாவான மாமாவிடம் பேசுகிற பத்து நிமிஷம். மாமாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார், எனக்கும் கேட்கும். மாமா ஆசையாகப் பூனை கதையைச் சொன்னார், டியூப், கூம்பு எல்லாம். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது: "பூனைதானேப்பா. போனா வேற ஒண்ணு."

இந்தப் பூனையைச் சட்டைப் பைக்குள் வைத்து இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது அவர். எல்லோரும் வேலை செய்வதைச் சும்மா உட்கார்ந்து பார்க்கிறது என்று மேனேஜர் என்று பேர் வைத்ததும் அவர். மூன்று வருஷத்துக்கு முன் வேறு வாழ்க்கை தேடிப் போனபோது பூனையை விட்டார், என்னை விட்டார், பெற்ற அப்பாவையும் விட்டார். "நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று மாமாதான் சொன்னார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வற்புறுத்திக் கூப்பிட்டாரா?

இந்த நோட்டில் மூன்று வருஷமாக மரியாதையாக 'அவர்' என்றுதான் எழுதி வருகிறேன். இன்றைக்குக் கை வரவில்லை. அவன். போனா வேற ஒண்ணு. அவனுக்கு எல்லாமே அப்படித்தான்.

மாமா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

மார்ச் 11, செவ்வாய்

மேனேஜர் துரைக்கு டப்பா பிடிக்கவில்லை. முகர்ந்தான். முன்காலால் தரையைப் பிராண்டித் தட்டின் மேல் மண் தள்ளுகிற மாதிரி செய்தான். கழித்ததை மூடுவானே, அதே மாதிரி. உனக்காகக் கடைக்காரனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேனே, எனக்கு இது வேண்டும்.

மார்ச் 12, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். குளிரோடு கொடுக்கக் கூடாது. டப்பாவைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிஷம் நிறுத்தி, இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கூழ் மாதிரி மசித்து, விரலால் உதட்டில் கொஞ்சம் தடவினால் நக்குகிறான். நக்கினால் விடுவதில்லை. மசிக்கிற வேலை மாமாவுக்கு. முள்கரண்டியை வைத்துக்கொண்டு என்னமோ குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி கட்டி இல்லாமல் மசிக்கிறார்.

ஃபிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டியிருக்கிறேன். மணல் தட்டில் சிறுநீர் பட்டு மணல் சேர்கிற கட்டி ஒரு நாளைக்கு எத்தனை, என்ன அளவு. இன்று மூன்று, எலுமிச்சை அளவு.

மார்ச் 16, ஞாயிறு

மூன்று கட்டி. போன் வந்தது. நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத் துணி துவைத்தேன், எதுவும் காதில் விழாதபடி.

மார்ச் 19, புதன்

மறுபடியும். ஆறு தடவை ஏறினான், சொட்டுச் சொட்டாக, இளஞ்சிவப்பாக. அச்சகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

அடைப்பு இல்லை, ஆனால் படிகம் குறையவே இல்லையாம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்த டப்பாவைத் தவிர எதுவும் குடுக்கல?"

"சத்தியமா குடுக்கல."

"அப்ப வீட்ல வேற யாரோ குடுக்கறாங்க."

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்.

மாமாவின் அலமாரியைத் திறந்தேன். துண்டுகளுக்குப் பின்னால் பிஸ்கட் பாக்கெட், பாதி காலி, வாயில் ரப்பர் பேண்டு. அவர் துவைக்கப் போட்டிருந்த சட்டைப் பையில் தூள்.

கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது, அதற்கும் நிறுத்தவில்லை. "நான் நாய் மாதிரி அலையறேன், நீங்க பின்னாடி ஒளிச்சு வெச்சுக் குடுக்கறீங்களா? அவன் செத்தாத்தான் உங்களுக்கு நிம்மதியா? யாருக்கும் தெரியாம ஒண்ணைச் செய்யறது, மாட்டினா முழிக்கறது. அப்படியே உங்க பிள்ளை."

கடைசி வரி வேண்டாம் என்று வாயில் இருக்கும்போதே தெரிந்தது. சொல்லிவிட்டேன்.

"மடியில வந்து உக்காந்து கேட்டான்மா" என்றார். "அதான்." மேஜையைப் பிடித்து எழுந்து குளியலறைக்குப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

பேசவில்லை. நானும் பேசவில்லை. பாக்கெட் குப்பைக்குப் போயாச்சு.

மார்ச் 22, சனி

மாமா சாயங்கால டீயை வேண்டாம் என்கிறார். தண்ணீர் ஜாடி காலையில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. சாப்பிடாமல் கொள்ளாமல் என்னை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறாரா? எழுபத்தாறு வயசில் இது என்ன ரோஷம்? நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். மேனேஜர் நான்கு கட்டி போட்டிருக்கிறான், நிறம் சரியாக இருக்கிறது. பிஸ்கட் நின்ற மூன்றாம் நாளே. யார் சரி, யார் தப்பு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது.

காலையில் குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கால் மணி, அரை மணி. தண்ணீர் வீணாகிறதே என்று சண்டைக்குத்தான் கதவைத் தட்டினேன். திறந்தார். சட்டை முழுக்க வியர்வையாக இருந்தது. வெளியே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார், இல்லை, உட்கார முடியாமல் குந்தினார், கை அடிவயிற்றில்.

அந்த மாதிரி குந்துவதை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"மாமா, கடைசியா எப்போ போனீங்க?"

சுவரைப் பார்த்தார்.

"மாமா."

"நேத்து காலைல. கொஞ்சம்."

ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். புராஸ்டேட் வீங்கி அடைத்திருக்கிறது. இது ஒரு நாளில் வந்ததில்லை, மாசக் கணக்கில் கஷ்டப்பட்டிருப்பார், கிட்னி வரைக்கும் போயிருக்கும் என்றார் டாக்டர். போகவேண்டி வந்துவிடுமே என்று பயந்து தண்ணீரைக் குறைத்திருக்கிறார். டீயை நிறுத்தியிருக்கிறார். அதை நான் ரோஷம் என்று எழுதி வைத்திருக்கிறேன், மேலே, இதே பக்கத்தில்.

"ஏன் மாமா சொல்லல?"

"இதைப் போய் மருமககிட்ட எப்படிம்மா சொல்றது" என்றார், கண்ணை மூடிக்கொண்டே. "பையன்கிட்டச் சொன்னேன். அன்னிக்குப் பால்கனியில. வயசானா அப்படித்தான்பான்னான்."

பூனையின் மூத்திரத்தை எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு என்று தாள் ஒட்டி எழுதினவள் நான். ஒரே கூரைக்குக் கீழே ஒரு மனுஷர். குழாய்ச் சத்தத்தைத் திறந்துவிட்டு அதற்குப் பின்னால் முக்கிக்கொண்டிருந்தார். என் கண் எங்கே போயிருந்தது? எறும்பு எழுத்தெல்லாம் தெரியுமாம். பெரிசா பேச வந்துட்டா.

அவனுக்குப் போன் போட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்" என்றான். "உங்கப்பா ஆஸ்பத்திரியில இருக்கார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

மார்ச் 26, புதன்

இன்றைக்கு வந்தான். பழக்கூடையோடு. நர்சிடம் "நான் அவரோட சன்" என்றான். இரண்டு நாளாக டியூபில் மாட்டிய பையை எடுத்துச் சிறுநீரைக் கொட்டி அளவு குறித்த நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கையெழுத்து அவன் போட்டான்.

வராந்தாவில் வைத்துச் சொன்னான்: "இனிமே அப்பா எங்ககூட இருக்கட்டும். நீ பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே."

 வீடு வந்து சேர்ந்து தட்டு கழுவும்போதுதான் பதில் வந்தது. பத்துப் பதில் வந்தது. பத்தும் நல்ல பதில். யாரிடம் சொல்ல? ஆனால் பதினோராவதாக ஒன்று தோன்றியது: அவன் சொன்னதில் தப்பு என்ன?

மார்ச் 29, சனி

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக.

ஏப்ரல் 1, செவ்வாய்

மாமா வீட்டுக்கு வந்தார், டியூப் இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை அவன் காரில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. மாமா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெட்கமில்லாமல் கேட்டேன், போனீங்களா, எரியுதா, எவ்வளவு என்று. அவரும் வெட்கப்படாமல் சொன்னார். இந்த வீட்டில் இதற்கு முன் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மேனேஜருக்குச் சோதனை. படிகம் இல்லை, சுத்தம். அந்த டப்பாவை இன்னும் ஒரு மாசம் தொடரலாம், பிறகு சாதா ஈரச் சாப்பாட்டுக்கு மாறலாம் என்றார் டாக்டரம்மா. 'முழு உணவு' என்று போட்டிருக்க வேண்டும், மக்னீசியம் குறைவாக இருக்க வேண்டும், குழம்பில் மிதக்கிற துண்டுகளைவிட மசித்தது இவனுக்கு ஒத்துக்கொள்ளும், கூட வெந்நீர் எப்போதும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டிய நாள். வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். சிக்னலில் நின்ற டாக்ஸிக்காரரைக் காரணமில்லாமல் திட்டினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தான். மாமா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், வீட்டுச் சட்டையில்.

"கிளம்பலையாப்பா? பெட்டி எங்க?"

"எங்க கிளம்பறது?"

"நம்ம வீட்டுக்குத்தான்."

மாமா பேப்பரை மடித்தார். நாலாக மடித்தார், பிறகு எட்டாக. "உனக்கு நான் போன்ல சொன்னேன்டா. போகவே மாட்டேங்குது, வலிக்குதுன்னு. நீ என்ன சொன்னே?"

அவன் கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தான்.

"உன்னைக் குத்தம் சொல்லல. நீ போன் பண்றே, நல்லவிதமா பேசறே. இவ என்னை ஊர் கேக்கத் திட்டினா, ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்கு. ஆனா கதவைத் தட்டினதும் இவதான். நான் இங்கயே இருந்துக்கறேன்."

"இவ உங்களுக்கு யாருப்பா இப்ப?" என்றான். கத்தவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

மாமா என்னைப் பார்த்தார். "டீ போடும்மா. அவனுக்கும் சேர்த்து."

போட்டேன். மூன்று பேரும் குடித்தோம். மேனேஜர் கதவோரம் உட்கார்ந்து மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவர், இன்றைக்குக் கை மறுபடி அப்படித்தான் எழுதுகிறது, போகும்போது வாசலில் நின்று, "ஏதாவதுன்னா கூப்பிடு" என்றார், என்னைப் பார்க்காமல். கூப்பிடுகிறேன் என்றேன்.

காலையிலேயே நான் மாமாவின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன், மருந்துச் சீட்டை மேலே வைத்து. ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். நீலச் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. நாளைக்குத் தைக்க வேண்டும்.