நான் நகர்த்திய வரைபடம்

இன்று காலை உன் கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். போன ஆடியில் மூன்று நாள் காய்ச்சலில் நீ போனதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. தொடும்படியான வேலை எதுவும் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். திருமயத்துக்குத் தெற்கே அந்தப் பெரிய வீட்டின் வரைபடத்தைத் தேடித் திறந்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு பார்த்தது போலவே எழுத்துகள் பிசிறடித்துக் கிடந்தன. ‘வண்டிப்பாதை’ என்ற சொல்லின் ஒவ்வொரு வளைவும் கருக்கரிவாளின் விளிம்பு போலப் பல் பல்லாக நின்றது. பெரிதாக்கினால் எழுத்து நடுங்கியது.

அந்தப் பிசிறை வைத்துத்தான் இத்தனை நாள் உன்னைச் சந்தேகப்பட்டேன். நீ இருக்கும்போதே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது இது.

நம் அலுவலகத்தில் வேலை தானாகவே பிரிந்துகொண்டது. நான் வீடு வரைபவள். நான்கு சுவருக்குள் என் வேலை முடிந்துவிடும். நீ நிலம் அளப்பவள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜி.பி.எஸ். கருவியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். திருச்சி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்தே நீ என்னைக் கேலி செய்வதற்கு ஒரு வரி வைத்திருந்தாய். “நீ கல்யாணப் பத்திரிகையக்கூட ஸ்கேல் வச்சு அளந்து பாப்படி” என்பாய். நானும் மறுத்ததில்லை.

அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலுமாக இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சிதம்பரம். வீட்டுக்குப் பின்னால் செல்லாயி அக்காவின் வயல். இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு அடி வண்டிப்பாதை. செல்லாயி அக்காவின் வயலுக்கு வேறு வழி கிடையாது. வீட்டுக்காரர்கள் பின்பக்கம் காம்பவுண்டுச் சுவர் எழுப்ப நினைத்தார்கள். அதற்கு முன் பொதுவாக ஒருவர் அளந்து கொடுக்கட்டும் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது. நீ போனாய்.

இரண்டு நாள் கழித்து உன் வரைபடத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாய். நான் முதலில் பார்த்தது எழுத்தைத்தான். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். நீ முறுக்கைக் கடித்தபடியே சொன்னாய்: “எழுத்தையா அளக்கப் போறாங்க? அது கெடக்கட்டும். படத்த மட்டும் எங்கிட்டும் நகத்திராத.” ஏன் என்று கேட்பதற்குள் உன் போன் அடித்தது. பேசிக்கொண்டே படியிறங்கிப் போனாய். சாயங்காலம் திரும்பி வந்தபோது நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

நீ அளக்கப் போவதற்கு முந்தின நாள் உன் மேசையில் ஒரு ஜெராக்ஸ் கிடந்தது. அந்த வீட்டின் பழைய காகித வரைபடம், சிதம்பரம் கொண்டுவந்து கொடுத்தது. இந்தத் தொழிலில் சிலர் வெயிலுக்குப் பயந்து செய்கிற வேலை எனக்குத் தெரியும். பழைய காகிதத்தை ஸ்கேன் செய்து, அடியில் வைத்து, அதன் மேலேயே கோடு இழுத்து, அளந்தேன் என்று கொடுத்துவிடுவார்கள். அப்படி வந்த படங்களில் எழுத்து இதே மாதிரி கடித்துத் துப்பியது போல இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நீயும் அப்படிச் செய்திருந்தால், பாதை நிஜத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே இருக்காது. வீட்டுக்காரர்களின் காகிதம் சொல்கிற இடத்தில்தான் இருக்கும்.

உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் கேட்காமல், நீ வேறு ஊருக்கு அளக்கப் போன நாளில், உன் கோப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். எழுத்துருவை மாற்றினேன். திரையைப் புதிதாக வரையச் சொன்னேன். எழுத்தின் நயத்துக்கு அந்த மென்பொருளில் ஒரு எண் உண்டு, அதை ஏற்றிப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டின் உதவியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பிசிறு போகவில்லை. ஓர் எழுத்தைத் தொட்டபோது முழுச் சொல்லும் சேர்ந்து தேர்வானது. அப்படியானால் அது தட்டச்சு செய்த எழுத்து, மேலே வைத்து இழுத்த கோடு இல்லை. அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். எழுத்தைப் பிறகு தட்டியிருப்பாள், கோடு அந்தக் காகிதத்திலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும் என்று எனக்கே பதில் சொல்லிக்கொண்டேன்.

கடைசியாக, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துப் பூஜ்ஜியம் என்று மென்பொருள் குறித்திருக்கும் மூலைக்குக் கொண்டுவந்து வைத்தேன். நான் வரையும் வீடுகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். எழுத்துகள் பாடப்புத்தகத்தில் அச்சடித்தது போலத் தெளிந்துவிட்டன. சரிசெய்துவிட்டேன் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே சந்தேகமும் ஒரு பிடி ஏறியது. காரணமில்லாமல் ஒரு படம் அவ்வளவு தூரத்தில் ஏன் கிடக்க வேண்டும்? வேறு யாருடைய கோப்பையோ வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். உன் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, தெளிந்ததைத் தனிப் பிரதியாக எடுத்து சிதம்பரத்துக்கு அனுப்பினேன். நகர்த்தியதை உன்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ கொடுத்த ஒவ்வொரு படத்தையும் நீ வீட்டுக்குக் கிளம்பிய பின் இன்னொரு முறை பார்த்தேன். ஒன்றிலும் தப்புக் கிடைக்கவில்லை. தப்புக் கிடைக்காததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒத்து வருவதற்கு மூன்று வருடம் ஆகிவிட்டது. போன வாரம்தான் சுவருக்குக் குறி போட்டார்கள். அடுத்த நாளே செல்லாயி அக்கா அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

“பாதை பன்னெண்டு அடின்னு பேப்பர்ல இருக்கு. சரி இன்ஜினியரம்மா. அதுல நாலடி என் வயல்னு எந்தப் பேப்பர்ல இருக்கு? சுண்ணாம்புக் கோடு பாதைக்குள்ள நாலடி வந்து நிக்குது. இனி அறுப்பு மெஷின் வரணும்னா என் கதிர மிதிச்சுக்கிட்டுத்தான் வரணும்.”

சிதம்பரத்துக்குப் போன் செய்தேன். அவரே நேரில் வந்தார். குறி போடுவதற்கு வெளியூரிலிருந்து ஆள் வைத்தார்களாம். நான் அனுப்பிய கோப்பை அவருடைய கருவியில் ஏற்றினால் ஒரு புள்ளிகூட அந்த ஊரில் விழவில்லையாம். அதனால் பழைய காகிதத்தில் இருந்த அளவை வைத்து, வீட்டின் பின்மூலையிலிருந்து டேப் பிடித்துக் கோடு போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சுவருக்குக் கடைக்கால் தோண்டப் போகிறார்கள். இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

“பாயின்ட்டு எல்லாம் கடலுக்குள்ள கெடக்குங்க மேடம். அவங்க அளந்த லட்சணம் அது. அவங்கதான் இப்ப இல்லையே. அந்தப் படம் தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. டேப் புடிச்ச கோடே நின்னுட்டுப் போகும். ஒங்களுக்கும் தொந்தரவு இல்ல.”

எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்றுதான் பட்டது. மூன்று வருடமாக நான் உள்ளுக்குள் வைத்திருந்ததையே இன்னொருவர் வாயால் கேட்கிறேன், அவ்வளவுதான். இரண்டு நாள் தவணை கேட்டேன். உன் மூலக் கோப்பைப் பார்த்துவிட்டு, அந்த ஒரு வரியை எழுதிக் கொடுப்பதாகவே இருந்தேன்.

இன்று காலை எழுத்தைப் பார்த்து அலுத்துப்போய், திரையின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று இரண்டு எண்கள் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டி நின்றது. இன்னொன்று பதினோரு லட்சத்துச் சொச்சம். வீடு வரைகிறவள் அந்த எண்களை ஒருநாளும் பார்க்க வேண்டியதில்லை. இன்று பார்த்தேன். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே பதினோரு லட்சம் மீட்டர் வந்தால் நம் மாவட்டம். நீ படத்தை எங்கேயோ போட்டுவிடவில்லை. அந்த வீடும் வயலும் பூமியில் எங்கே இருக்கின்றனவோ, அங்கேயே வைத்திருந்தாய். அவ்வளவு பெரிய எண்ணைச் சுமந்துகொண்டு ஓர் எழுத்தின் சின்ன வளைவைக் காட்டத் திரைக்கு முடியவில்லை. பிசிறுக்குக் காரணம் அவ்வளவுதான். எழுத்து அழகாக வேண்டும் என்று வீட்டையும் பாதையையும் தூக்கிக் கொண்டுபோய், அந்த எண்கள் பூஜ்ஜியமாகும் பூமத்திய ரேகைக் கடலில் போட்டது நான்.

அப்போதும் முழுதாக நம்பிவிடவில்லை. எண் சரியாக இருந்தால் நிலத்தில் காட்டட்டும் என்று உன் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போனில் சொல்லியிருந்தபடி செல்லாயி அக்காவும் சிதம்பரமும் பாதையில் வந்து நின்றார்கள். கருவி காட்டிய இடத்தில் கல் எதுவும் தெரியவில்லை, வெறும் செம்மண். சிதம்பரம் கடப்பாரையால் கிளறினார். அரையடிக்குள் ‘ணங்’ என்றது. வீட்டு எல்லையின் சர்வே கல். அடுத்த புள்ளி கருவேலம் புதருக்குள் காட்டியது. விலக்கிப் பார்த்தால் அங்கேயும் ஒரு கல். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினோம். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து நாலடி வீட்டுப் பக்கம் தள்ளி நின்றது கயிறு. அந்த இடத்துக்கு நீ வந்திருக்கிறாய். மண்ணுக்குள் இருந்த கல்லையும் தேடி எடுத்து, அளந்துவிட்டு, மறுபடி மூடியிருக்கிறாய்.

“அப்ப தப்பு யாருது?” என்றார் சிதம்பரம்.

என்னுடையது என்றேன். காரணத்தையும் சொன்னேன். ஸ்கூட்டர் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அளந்தவரின் படம் சரி, அதை இடம் மாற்றி அனுப்பியது நான், சுவர் இந்தக் கயிற்றுக்கு வீட்டுப் பக்கம்தான் வர வேண்டும் என்று. இருவருக்கும் ஒவ்வொரு பிரதி.

கிளம்பும்போது செல்லாயி அக்கா ஸ்கூட்டர் வரை கூட வந்தார்.

“அந்தப் புள்ள அளந்த அன்னைக்கு நானும் கேட்டேன், ஆபீசுக்குப் போனதும் பேப்பரு மாறிறாதான்னு. அதுக்குச் சிரிச்சாங்க. ‘அங்க ஒருத்தி இருக்கா, பெத்த தாய்கூட வந்து சொன்னாலும் நம்ப மாட்டா, அவளத் தாண்டி ஒரு தப்பும் வெளிய போகாது’ன்னாங்க. அது நீங்கதானா?”

ஆமாம் என்றேன்.

அவருடைய பாதைக்கு நீ என் சந்தேகத்தைப் பிணையாக வைத்திருக்கிறாய். நான் அதை முழுக்க உன் மேல் செலவழித்துவிட்டு, வெளியே அனுப்பிய படத்தைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டேன். உன் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. போன் பேசி முடித்து வந்து, ஏன் நகர்த்தக் கூடாது என்று ஒரே வாக்கியம் சொல்லியிருக்கலாமே. மறந்துவிட்டாயா, இல்லை நானாகக் கேட்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாயா? இரண்டாவதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம். தீர்த்துவைக்க நீ இல்லை. அது என்னோடுதான் இருக்கும்.

என் குணம் இந்த வயதுக்கு மேல் மாறாது. ஆனால் முதலில் வாயைத் திறந்து கேட்டுவிடுகிறேன், சந்தேகப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். இன்று சிதம்பரத்திடம் தொடங்கினேன். வீட்டின் அந்த மூலையிலிருந்து டேப்பைப் பிடிக்கச் சொன்னது யார் என்று நேராகவே கேட்டேன். வீட்டுக்காரர்களிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கடைக்கால் தோண்டும்போது நான் அங்கே நிற்பேன்.