மீன்கள் மூச்சு வாங்கிய காலை

அன்புள்ள உங்களுக்கு,

முதுகுவலி தேவலையா? பாப்பா இருமாமல் தூங்குகிறாளா? எனக்கு இங்கே மீன் பண்ணையில் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஒரு வேடிக்கை. விடியும் நேரத்தில் மின்சாரம் போய், குளத்து நீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. பனிமூட்டத்துக்குள் மீன்களெல்லாம் மேலே வந்து, ஏதோ சொல்ல வருவதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடின. மேற்பார்வையாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெண்களுக்குக் கரையில் மீனைத் தரம் பிரிக்கும் வேலை மட்டும்தான். நான் செருப்பைக் கழற்றினேன்.

"ஏம்மா, பொம்பளைங்க தண்ணியில எறங்கக்கூடாது!" என்று கத்தினார்.

"எல்லாம் செத்துப்போச்சுன்னா எதை சார் பிரிக்கிறது?" என்றபடி இறங்கிவிட்டேன். மற்ற பெண்களும் பின்னாலேயே இறங்கினார்கள். இடுப்பளவு நீரில் நின்று கைகளால் அடித்துக் கலக்கினோம். நாங்கள் கலக்கிய இடத்தைத் தேடி மீன்கள் வந்து குவிந்தன. மேகத்துக்குள் நிற்பதுபோல் இருந்தது. கால்களை அவை உரசியபோது, பாப்பா வந்து கட்டிக்கொண்டதாகவே நினைத்தேன். மின்சாரம் வரும்வரை நாங்கள் கரையேறவில்லை. கொஞ்சம் போயிற்று, மிச்சமெல்லாம் பிழைத்தது.

மறுநாள் அவரே வந்தார். "இந்தக் குளத்த இனிமே நீங்களே பாத்துக்கங்கம்மா" என்றார். ஆமாம், நான் இப்போது குளத்துக்காரி! சிரிக்காதீர்கள்.

தினமும் நீரில் இறங்கப் பழைய துணி வேண்டியிருக்கிறது. உங்கள் நீலச் சட்டையை அனுப்புங்கள். துவைக்க நேரமில்லையென்றால் பரவாயில்லை. துவைக்காமலே அனுப்புங்கள்.

தீனி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்களவள்