வெள்ளிக்கிழமை கிள்ளாத இலை

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
தை மாதம், திங்கட்கிழமை காலை

பெங்களூரில் முகுந்தனின் புது வீட்டில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு, ரங்கநாயகி தண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. பிள்ளையும் நாட்டுப்பெண் வைஷ்ணவியும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். ஐப்பசியில் உங்களிடம் சொன்னேனே ஒரு கட்டி, அதைப் பற்றியும் எழுத வேண்டும். ஆனால் நேற்று போனில் நீங்கள் கேட்டது துளசியைத்தான். ஆகவே முதலில் துளசி.

நான் நாள் கிழமை பார்க்காமல் பறித்துவிட்டேன், அதனால்தான் செடிக்கு நோய் வந்தது என்றீர்கள். தெருக்கோடிச் சன்னதி பட்டர், நாம் தினமும் அனுப்பும் துளசிக் கூடையைத் திருப்பி அனுப்பியதை உங்களிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான், புதிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி. இதை நடுவில் வைக்க முடியாது.

பெண்கள் துளசி பறிக்கக் கூடாது என்று என்னைக் கொல்லைப் பாத்திக்கு அருகில் விடாமல் வைத்திருந்தவர் நீங்கள். கிரகப்பிரவேசம் முடிந்து, புது வீட்டில் ஒரு மண்டலம் விளக்கு எரிய வேண்டும், நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன், நீ ஊருக்குப் போய்த் துளசிக்குத் தண்ணீர் விடு என்று சொன்ன அன்று, பரவாயில்லை நீயே பறி என்றீர்கள். சாஸ்திரம் எப்போது மாறியது என்று நான் கேட்கவில்லை. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, துவாதசி, அமாவாசை, பௌர்ணமி, மாசப் பிறப்பு, பொழுது சாய்ந்த பிறகு, இதிலெல்லாம் கை வைக்காதே என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். அந்தத் தாள் இன்னும் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மூன்று செடியில் இலைமேல் வெள்ளையாகப் பார்த்தேன். கோலமாவு பறந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். துடைத்தால் விரலில் வந்தது, மறுபடி பார்த்தால் இலையிலும் இருந்தது. உங்களுக்குப் போன் பண்ணினேன். கிள்ளிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். இன்று வெள்ளி, தொடாதே என்றீர்கள். மறுநாள் துவாதசி. அதற்கு மறுநாள் ஞாயிறு. திங்களன்று அங்கே ஏதோ ஹோமம், நீங்கள் போனை எடுக்கவில்லை. உங்களைக் கேட்காமல் ஒரு இலையைக் கிள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். செவ்வாயன்று அமாவாசையும் சேர்ந்துகொண்டது. புதன்கிழமை எண்ணினேன், பத்தொன்பது செடி.

அதன் பிறகும் தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் கிள்ளினேன். இரண்டு நாள் கிள்ளினால் மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பொங்கல் கழிந்து போன திங்கள்கிழமை பட்டர் கூடையைத் திருப்பி அனுப்பினார். பெருமாள் திருவடியில் சேர்க்கிற இலையா இது என்று கேட்டாராம். எனக்கு வெட்கமாகப் போயிற்று. மறுநாள் செவ்வாய். ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு, திருவானைக்கா போகிற வழியில் செடி விற்கிறாரே அப்துல் சுக்கூர், அவரிடம் போனேன்.

அவர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது சாம்பல் நோய்ம்மா, பனிக் காலத்துல வர்றதுதான் என்றார். தண்ணீர் எப்போது எப்படி விடுவீர்கள் என்று கேட்டார். சாயங்காலம், தலையோடு என்றேன். சாயங்காலம் ஊத்துனா ராவெல்லாம் இலையில ஈரம் நிக்கும், காலையில வேர்ல மட்டும் ஊத்துங்கம்மா என்றார். பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்கிற மாதிரி நீங்கள் தினமும் செம்பு செம்பாக உச்சியிலிருந்து ஊற்றுவீர்களே, போகும்போது எனக்கும் அப்படியே ஊற்றச் சொன்னீர்களே, அதுதான் முதல் தப்பு. ஒன்றோடொன்று உரசும்படி நாற்பது செடியை நெருக்கி வைத்தது இரண்டாவது. காற்றே புகவில்லை.

உதிர்ந்த இலையை என்ன செய்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். கால் படக் கூடாது, குப்பையில் சேரக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதே செடியின் வேரில்தானே போட்டு வைத்தோம். அவர் சிரிக்கவில்லை. நோய் இலைய அங்கயே போட்டா அதுலேர்ந்து மறுபடி ஏறும்மா, எடுத்துத் தள்ளிக் கொண்டுபோய் எரிச்சிடுங்க என்றார். மருந்து ஏதாவது அடிக்கலாமா என்றேன். சாமிக்குப் போற இலை, வாயில போடுற இலை, கந்தகமெல்லாம் வேணாம், நல்லாப் புளிச்ச மோர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்து வடிகட்டி வாரம் ஒருக்கா காலையில தெளிங்க என்றார். நம் பெருமாளின் ஆசாரத்தை அவர் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது, பாருங்கள்.

நான் கிளம்பும்போது, என்னைக்குக் கிள்ளலாம் என்று வாய் தவறி அவரிடமே கேட்டுவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. இன்னைக்கே கிள்ளுங்கம்மா, நோய் நாளைக்கு வரைக்கும் உங்களுக்காகக் காத்துக்கிட்டா இருக்கும் என்றார். அந்த மனுஷர் செடியைத்தான் சொன்னார். எனக்குக் கை தானாக இடது மார்புக்குப் போயிற்று.

அன்று, செவ்வாய்க்கிழமை, வெயில் தாழ்வதற்குள் இருபத்தொன்பது செடியை வேரோடு பிடுங்கினேன். வீட்டு வேலைக்கு வரும் மலர்க்கொடி கூட நின்றாள். வேரில் கிடந்த சருகையெல்லாம் வாரி எடுத்துக் கொல்லை மூலையில் வைத்துக் கொளுத்தினேன். துளசிக்கு நெருப்பு வைத்த பாவி நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். புகையில் அந்த வாசனை வந்தபோது தாங்க முடியாமல் அழுதேன். மலர்க்கொடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மாமி ஏன் கைய அங்கயே வச்சிருக்கீங்க என்று கேட்டாள். சொன்னேன். நீங்கள் ஐப்பசியிலிருந்து கேட்காததை அவள் கேட்டாள், அவ்வளவுதான்.

உங்களிடம் முதலில் சொன்னபோது சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. வீட்டில் சுபகாரியத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டாம், கிரகப்பிரவேசம் ஆகட்டும் என்றீர்கள். ஆயிற்று. மார்கழியில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், தை பிறக்கட்டும் என்றீர்கள். பிறந்தது. அப்புறம் மண்டலம் முடியட்டும் என்றீர்கள். நானும் சரி சரி என்றேன், அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கும் பயம்தான். நீங்கள் நாள் தள்ளிப் போட்டபோதெல்லாம் எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை காலை மலர்க்கொடி என்னைத் தில்லைநகர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். சனிக்கிழமை முடிவு வந்தது. நல்ல கட்டி இல்லை. அக்குளிலும் இரண்டு இருக்கிறது. டாக்டர் சின்னப் பெண், நம் வைஷ்ணவி வயதுதான் இருக்கும். ஏம்மா இவ்வளவு நாள் காத்திருந்தீங்க, எதுக்காக என்று கேட்டாள். நல்ல நாளுக்காக என்று சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தாள். அப்போதே வந்திருந்தால் சின்னதாகவே எடுத்திருக்கலாம் என்று எழுதிக்கொண்டே சொன்னாள்.

இந்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பத்தரை மணிக்கு. ராகு காலம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூட இருப்பவர் என்ற இடத்தில் மலர்க்கொடி தன் பெயரை எழுதினாள். என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. அதை வெறுமனே விட்டிருக்கிறோம்.

முகுந்தனிடம் நீங்களே சொல்லுங்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால், இரு, பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்பீர்கள். அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு இனிமேல் தெம்பில்லை.

பதினோரு செடி மிஞ்சியிருக்கிறது. மூன்றில் வெள்ளை இல்லாத துளிர் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அதற்கெல்லாம் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் புறப்படுவேன், வேரில் மட்டும். கதவில் இருந்த தாளைக் கிழிக்கவில்லை. உங்கள் கையால் எழுதியது, நீங்களே வந்து எடுங்கள்.

கூரியரில் போடுகிறேன், புதன் சாயங்காலம் உங்கள் கைக்கு வரும் என்றார்கள். மண்டலம் முடிய இன்னும் ஆறு நாள் இருப்பதும் தெரியும். அந்த விளக்கை வைஷ்ணவி ஏற்றுவாள். வியாழக்கிழமை கிளம்பினால்தான் நான் உள்ளே போவதற்குள் என் முகத்தைப் பார்க்கலாம். வியாழக்கிழமை தெற்கே சூலம். ஒரு சொட்டு நல்லெண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டால் தோஷமில்லை என்று ஊரில் எத்தனையோ பேருக்கு நீங்களே பரிகாரம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். வைஷ்ணவியிடம் கேளுங்கள், எண்ணெய் அடுப்புக்கு வலது பக்கத்து அலமாரியில் இருக்கிறது. நான்தான் வைத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
அடியாள் ரங்கநாயகி