டெர்மினல் திறந்த கடிதம்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஜலதோஷம் விட்டது. குளியலறைக் குழாய் மட்டும் இன்னும் சொட்டுகிறது. கம்பெனியில் அங்கேயே இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் கடைசியில்.

முதலில் சந்தோஷச் செய்தி. நீங்கள் எழுதி அனுப்பிய எழுத்துரு மாற்றி ஓடிவிட்டது! நாம் வேலை பார்த்த அச்சகத்தில் அந்தக் காலத்து எழுத்துருவில் அடித்த கோப்பெல்லாம் இப்போது திறந்தால் கோழி கிறுக்கியதுபோல் தெரிந்ததே, அத்தனையும் நல்ல தமிழாகிவிட்டது. ஓட வைத்தது நான்தான்.

சும்மா ஓடவில்லை. டெர்மினலை, அதுதான் கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்புத் திரையை, திறந்து நீங்கள் எழுதிய வரியை அப்படியே அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று கவிழ்த்துத் தட்டினேன். பக்கத்து வீட்டில் வேறொன்று வாங்கிவந்து மாட்டினேன். அதற்குள் பெரியவள் வந்து, அது அப்படித்தாம்மா, காட்டாது, நீ பாட்டுக்கு அடி என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒருவழியாக நிறுவியாயிற்று. மாற்றியின் பெயரை அடித்தால், அப்படியொரு கட்டளையே இல்லை என்கிறது. எனக்கு வந்ததே கோபம்! கோப்புறைக்குள் போய்ப் பார்த்தால் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம்தான் புரிந்தது. நீங்கள் மூக்குக்கண்ணாடி தேடுகிற அதே லட்சணம்! அலமாரி, சட்டைப்பை, ஃப்ரிட்ஜ் மேலே. இந்த மூன்று இடத்தில் இல்லையென்றால் வீட்டிலேயே இல்லை என்பீர்களே. டெர்மினலும் தன் பட்டியலில் இருக்கும் இடங்களில் மட்டும்தான் தேடுமாம். கருவி இருக்கும் இடத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கும் வரியை எழுத மறந்துவிட்டீர்கள். உதவிப் பக்கத்தைப் படித்து நானே சேர்த்தேன். மூடித் திறந்து மறுபடி அடித்தேன். ஓடியது! நான் குதித்த குதியில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அந்தக் கோப்புகளுக்கு நடுவே ஒன்று என் பெயரில் இருந்தது. கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முந்தைய தேதி. எதிர் மேசையில் உட்கார்ந்து, தலைகூட நிமிராமல், எனக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தீர்களா? "என்னைக் கல்யாணம் செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். "அச்சகம் லீவு, உங்களைப் பார்க்க முடியாததால் ஞாயிற்றுக்கிழமையே எனக்குப் பிடிப்பதில்லை" என்று வேறு.

எழுதியும் கொடுக்காமல் வைத்திருந்த சரியான அமுக்குணி நீங்கள்! வெட்கத்தை விட்டு நான்தான் முதலில் கேட்டேன் என்று இருபத்திரண்டு வருடமாகக் குத்திக்காட்டுகிறேன். ஒரு தடவையாவது மறுத்துப் பேசினீர்களா? படித்து முடித்து அழுதேன். சந்தோஷத்தில்தான். பெரியவள் பயந்து, கருவி மறுபடி நின்றுபோச்சா என்று கேட்டாள்.

சரி, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில். பழைய கேள்விக்கு, சம்மதம். புதிய கேள்விக்கு, அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும் பிடிப்பதில்லை. வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எதிர் மேசைக்காரி